சிம்பொனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியதிலிருந்து, "சரி, சிம்பொனின்னா என்னதான்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கர்நாடக இசையிலோ சினிமா இசையிலோ காது பழகி, இந்த ஒன்று மட்டும் பிடிபடாமல் இருப்பவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள். இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிம்பொனி என்றால் என்ன?

முழு ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்படும் நீளமான இசைப் படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். ஒரு பகுதியை மூவ்மென்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேகம், தனி குணம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் சில விநாடி அமைதி. மொத்தமாக இருபது நிமிடத்திலும் முடியலாம், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவும் செய்யலாம். பொதுவாகச் சாகித்தியம் கிடையாது. யார், எப்போது, எந்த ஸ்வரத்தை, எவ்வளவு பலமாக வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் முன்னமே தாளில் எழுதியாகிவிட்டது. மேடையில் மனோதர்மத்துக்கு வேலை இல்லை.

ஆனால் இந்த விளக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு கேட்க உட்கார்ந்தால் பெரிதாகப் பயன் இருக்காது. என்னைக் கேட்டால், சிம்பொனி கேட்பவரின் ஞாபகத்தை நம்பி எழுதப்படும் இசை. மூன்றாம் நிமிடத்தில் வந்த ஒரு சின்ன மெட்டு பத்தாம் நிமிடத்தில் வேறு கருவியில், வேறு முகத்தோடு வரும். அது பழைய ஆள்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நிறைய வயலின்கள் ஒன்றாக வாசித்தால் அது சிம்பொனியா?

இல்லை. சினிமாப் பாட்டில் ஐம்பது வயலின் கேட்டவுடன் "சிம்பொனி மாதிரி இருக்கு" என்பது நம் வழக்கம். அதை ஆர்கெஸ்ட்ரேஷன் எனலாம், அதாவது கருவிகளுக்குப் பிரித்து எழுதும் கலை. சிம்பொனி ஒரு வடிவம். கீர்த்தனை, வர்ணம், பதம் எல்லாம் எப்படி வெவ்வேறு வடிவங்களோ, அப்படி. இன்னொரு குழப்பமும் உண்டு: 'லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா' என்பது வாசிக்கும் குழுவின் பெயர். அந்தக் குழு சினிமாவுக்கும் வாசிக்கும், அப்போது வருவது சிம்பொனி ஆகாது.

எங்கே பிறந்தது?

இத்தாலியில். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆப்பெரா (பாடியே நடத்தும் நாடகம்) தொடங்குமுன் கூட்டத்தை அமைதிப்படுத்த ஒரு முன்னிசை வாசிப்பார்கள். வேகம், நிதானம், மறுபடி வேகம் என்று மூன்று துண்டு. நேப்பிள்ஸில் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி போன்றவர்கள் நிலைப்படுத்திய பாணி அது. இந்த முன்னிசையை ஆப்பெராவிலிருந்து கழற்றித் தனியாகவே கச்சேரியில் வாசிக்கலாமே என்று மிலானில் சம்மார்ட்டினி போன்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

அடுத்த கட்டம் ஜெர்மனியின் மான்ஹைம் அரசவை. அங்கே யோஹான் ஸ்டாமிட்ஸ் (1717-1757) பயிற்றுவித்த ஆர்கெஸ்ட்ரா அந்தக் காலத்து ஐரோப்பாவில் பேர்பெற்றது. முணுமுணுப்பில் தொடங்கி மொத்தக் குழுவும் படிப்படியாக ஓங்கி எழும் 'கிரெஷெண்டோ'வைக் கேட்டு ஜனங்கள் இருக்கையை விட்டே எழுந்துவிடுவார்களாம். மூன்று பகுதிகளுக்கு நடுவே மினுயெட் என்ற நடன இசையைச் சேர்த்து நான்காக்கும் பழக்கத்தில் ஸ்டாமிட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹைடனை ஏன் சிம்பொனியின் தந்தை என்கிறார்கள்?

அவர் கண்டுபிடிக்கவில்லை, வளர்த்து ஆளாக்கினார். யோசஃப் ஹைடன் (1732-1809) 1761-இல் எஸ்டர்ஹாஸி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒப்பந்தப்படி சீருடை போட வேண்டும், பிரபு கேட்டதை எழுத வேண்டும், எழுதியது பிரபுவுக்கே சொந்தம். கிட்டத்தட்ட அரண்மனை ஊழியர்தான். ஆனால் கையில் ஒரு சொந்த ஆர்கெஸ்ட்ரா இருந்தது. காலையில் எழுதியதை மாலையில் வாசித்துப் பார்க்கலாம், சரியில்லையென்றால் மாற்றலாம். இந்த வசதி அன்றைக்கு வேறு யாருக்கு வாய்த்திருக்கும்? எண்ணிட்டவை மட்டுமே 104 சிம்பொனிகள்.

1772-இல் எழுதிய 45-ஆவது சிம்பொனியைச் சொல்லாமல் போகக் கூடாது. கோடைக்கால அரண்மனையில் பிரபு தங்கிக்கொண்டே இருக்கிறார், இசைக்காரர்களின் குடும்பங்களோ ஐசன்ஸ்டாட்டில். யாருக்கும் ஊருக்குப் போக அனுமதி இல்லை. ஹைடன் மனு எழுதவில்லை, சிம்பொனி எழுதினார். கடைசிப் பகுதி விறுவிறுவென்று ஓடி, முடியப்போகிற இடத்தில் திடீரென்று நிதான நடைக்கு மாறுகிறது. ஒவ்வொரு கருவியாகத் தன் பங்கை முடிக்க, வாசித்தவர் எதிரிலிருக்கும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார். கடைசியில் மிஞ்சுவது இரண்டு வயலின்கள் மட்டும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே மூட்டை கட்டச் சொன்னார் என்பார்கள். 'பிரியாவிடை' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் பல குழுக்கள் அதே மாதிரி எழுந்துபோய்த்தான் வாசிக்கின்றன.

நான்கு பகுதிகளும் எப்படி இருக்கும்?

வழக்கமான அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது வேகமானது, கனமானது, மூளைக்கு வேலை கொடுப்பது. இரண்டாவது நிதானமானது, பாட்டைப் போல ஓடும். மூன்றாவது நடனம்: ஹைடன், மொசார்ட் காலத்தில் மினுயெட்; பீத்தோவன் அதை முடுக்கிவிட்டு ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான வகையாக ஆக்கினார். நான்காவது வேகமான முடிவு.

இதெல்லாம் சட்டம் கிடையாது. பெர்லியோஸின் 'ஃபான்டாஸ்டிக்' சிம்பொனிக்கு (1830) ஐந்து பகுதிகள். மாலரின் மூன்றாவதுக்கு ஆறு, வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். சிபேலியஸின் ஏழாவதுக்கு (1924) ஒரே பகுதி, இருபத்துச் சொச்சம் நிமிடம். சாய்காவ்ஸ்கி தன் ஆறாவதில் வேகமான, வெற்றி முழக்கம் போன்ற பகுதியை மூன்றாவதாக வைத்துவிட்டு, முடிவை மெல்ல அணைந்துபோகிற அழுகையாக எழுதினார். அது 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஒன்பதே நாளில் அவர் இறந்துபோனார்.

சொனாட்டா வடிவம், சொனாட்டா வடிவம் என்கிறார்களே, அது என்ன?

முதல் பகுதி பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் எழுதப்படும். இதைப் புரிந்துகொள்ள, நமக்கும் அவர்களுக்கும் உள்ள ஒரு அடிப்படை வேறுபாட்டை முதலில் பார்த்துவிட வேண்டும்.

நம் கச்சேரியில் தம்பூரா ஒருமுறை சுருதி பிடித்தால் மூன்று மணி நேரமும் அதே ஆதார சட்ஜம்தான். ராகம் மாறும், சட்ஜம் அசையாது. கிரக பேதம் செய்து அசைப்பது போல் காட்டுவது ஒரு சாமர்த்தியம், அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். மேற்கத்திய சிம்பொனியில் அந்த ஆதாரமே நகரும். சி மைனரில் (சி என்பது ஆதார ஸ்வரம், மைனர், மேஜர் என்பவை ஸ்வர வரிசையின் வகை) ஆரம்பித்த இசை சிறிது நேரத்தில் ஈ-ஃப்ளாட் மேஜருக்குக் குடிபோய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கிளம்பிய ஊருக்குத் திரும்பும். இந்தப் பயணம்தான் சொனாட்டா வடிவம்.

மூன்று கட்டம். முதலில் அறிமுகம்: சொந்த ஊரில் ஒரு தீம், அதாவது மைய மெட்டு, பிறகு இன்னொரு ஊருக்குப் போய் அங்கே இரண்டாவது தீம். இரண்டாவது, அலைச்சல்: அறிமுகமான தீம்களை உடைத்து, துண்டுகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிவது. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும்; அப்படித் தெரியாமல் போவதற்காகவே எழுதப்பட்டது. மூன்றாவது, திரும்புதல்: முதல் தீம் சொந்த ஊரில் வரும், அப்புறம் இரண்டாவது தீமும் இந்தமுறை அதே ஊரிலேயே வரும். வேறு ஊர்க்காரராக அறிமுகமானவர் இப்போது இங்கேயே தங்கிவிட்டார். முடிவில் ஒரு வால் பகுதி, அதற்குக் கோடா என்று பெயர்.

ஸ்வரம் பிரித்துக் கேட்கத் தெரியாவிட்டால் இதெல்லாம் எப்படிப் புரியும் என்று கேட்கலாம். ஊர் மாறியது காதுக்குத் தெரியும், பெயர் தெரியாதே தவிர. திரும்பி வரும்போது உடம்பில் ஒரு தளர்வு தெரியும். அது போதும்.

ஒரு உதாரணத்தை வைத்து விளக்க முடியுமா?

பீத்தோவனின் ஐந்தாவது. அரைத்த மாவுதான், இருந்தாலும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கம்: மூன்று குட்டி ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம். த-த-த-தாஆம். இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி. இதே தாளத்தை டிம்பனி முரசில் தட்டி ஒலிபரப்பியது. மோர்ஸ் குறியீட்டில் மூன்று புள்ளி, ஒரு கோடு என்றால் 'வி', வெற்றியின் முதலெழுத்து.

மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து முழங்குவதாகத்தான் நம் ஞாபகத்தில் இருக்கும். உண்மையில் அங்கே வாசிப்பது தந்திக் கருவிகளும் இரண்டு கிளாரினெட்டும் மட்டும். இன்னொன்று, அது தாளத்தின் முதல் அடியில் தொடங்குவதும் இல்லை. முதல் அடி ஒரு குட்டி மௌனம். ஸ்வரங்கள் அதற்கு அப்புறம்தான், அதீதம் அனாகதம் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கண்டக்டரின், அதாவது குழுவை நடத்துபவரின், கை விழும்போது சத்தம் வராது, ஒரு கணம் தள்ளி வெடிக்கும். அந்தப் பதற்றம் பாதி இதனால்தான்.

இந்த நான்கு ஸ்வரத் துணுக்கை வைத்தே மனிதர் முதல் தீம் முழுவதையும் கட்டிவிடுகிறார். பிறகு இரண்டு ஹார்ன்கள் ஓர் அறைகூவல் விடுகின்றன, ஊர் மாறுகிறது. வயலின் மென்மையாக இரண்டாவது தீமைப் பாடுகிறது. "அப்பாடா" என்று சாய்ந்து உட்காருகிற இடம். ஆனால் அடியில் கவனியுங்கள்: செல்லோவும் டபுள் பேஸும் த-த-த-தாம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஆள் போகவே இல்லை.

திரும்புதல் கட்டத்தில் இரண்டு இடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, எல்லாரும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிடுவார்கள். ஓபோ என்ற ஊதுகருவி மட்டும் தனியாக, ஒரு சின்ன விருத்தம் போல, தாளமில்லாமல் இழைத்துவிட்டு ஓயும். சில விநாடிதான். அப்புறம் எதுவும் நடக்காதது போல ஓட்டம் தொடரும். இன்னொன்று, முன்பு ஹார்ன் விட்ட அறைகூவல் இப்போது பஸ்ஸூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுகருவியில் வரும். காரணம் நடைமுறை சார்ந்தது: அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது, ஊர் மாறிவிட்டால் அந்த ஸ்வரங்கள் அதில் பேசாது. பஸ்ஸூனின் குரல் சற்றுப் பொக்கை வாய்க்காரர் வீரவசனம் பேசுகிற மாதிரி இருப்பதால், இன்றைய கண்டக்டர்களில் சிலர் அதைத் திருத்தி ஹார்னுக்கே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. எழுதியபடியே வாசித்தால் தேய்மானம் தெரிகிறது. ஊர் சுற்றி வந்த குரல் பழையபடி இருக்க வேண்டுமா என்ன?

மற்ற மூன்று பகுதிகளும் அந்த நான்கு ஸ்வரம்தானா?

அதே தாளம் ஆங்காங்கே தலைகாட்டும். மூன்றாம் பகுதியில் செல்லோவும் பேஸும் இருட்டில் தடவுவது போல் தொடங்க, ஹார்ன்கள் ஒரே ஸ்வரத்தில் த-த-த-தாம் என்று அடிக்கும். கடைசியில் எல்லாம் அடங்கி, தந்திகள் நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, டிம்பனி மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லாமல் நான்காம் பகுதி சி மேஜரில் உடைத்துக்கொண்டு வரும்.

அந்தக் கணத்தை நேரில் பார்ப்பது தனி அனுபவம். மூன்று டிராம்போன்காரர்கள் முதல் மூன்று பகுதிகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது தொடங்கும்போதுதான் அவர்களும், பிக்கொலோ என்ற குட்டிப் புல்லாங்குழலும், பஸ்ஸூனைவிடத் தாழ்ந்த கான்ட்ராபஸ்ஸூனும் முதல் தடவையாக வாய் திறப்பார்கள். ஒலியின் அகலமே மாறிவிடும். சரி, வெற்றிதான் என்று நினைக்கும்போது, நடுவில் அந்த இருட்டு ஸ்கெர்ட்ஸோ பேய் மாதிரி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முந்தைய பகுதியில் கேட்டதை நினைவில் வைத்திருப்பவருக்கு அங்கே முதுகு சில்லிடும். மற்றவருக்கு அது வெறும் ஒரு சத்தம் குறைந்த இடம்.

இது அரங்கேறியபோது எல்லாரும் அசந்துபோயிருப்பார்களே?

அதுதான் இல்லை. 1808 டிசம்பர் 22, வியன்னாவின் 'தியேட்டர் அன் டேர் வீன்'. ஒரே மாலையில் ஐந்தாவது, ஆறாவது என இரண்டு புது சிம்பொனிகள், நான்காவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பது), ஆப்பெரா பாணியில் ஒரு பாட்டு, மாஸ் என்ற தேவாலய வழிபாட்டு இசை ஒன்றிலிருந்து சில பகுதிகள், போதாக்குறைக்குப் பியானோவும் கோரஸும் சேர்ந்த 'கோரல் ஃபேன்டஸி'. நான்கு மணி நேரம். அரங்கில் கடும் குளிர். ஒத்திகை போதவில்லை, ஃபேன்டஸி நடுவில் தட்டுக்கெட்டு, பீத்தோவன் நிறுத்தி மறுபடி வாசிக்க வைத்தார். அன்றைய கூட்டத்தில் ஐந்தாவதை நிதானமாக ரசித்தவர்கள் எத்தனை பேரோ.

ஹைடன் 104, மொசார்ட் 41, பீத்தோவன் 9 மட்டும். ஏன் குறைந்துகொண்டே போகிறது?

சிம்பொனியின் மதிப்பு மாறிவிட்டது. ஹைடனுக்கு அது மாதாந்திர வேலை. மொசார்ட் எட்டு வயதில், லண்டனில், 1764-இல் முதல் சிம்பொனியை எழுதினார். கடைசி மூன்றையும் 1788 கோடையில் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட்டார். (41 என்ற கணக்கிலும் வில்லங்கம் உண்டு. 37-ஆவது உண்மையில் ஹைடனின் தம்பி மிஹாயேல் எழுதியது. மொசார்ட் முன்னால் ஒரு சிறு அறிமுகம் மட்டும் சேர்த்தார்.)

பீத்தோவனின் மூன்றாவதான 'ஈரோயிகா' (1803-04) வந்தபிறகு கதையே வேறு. முந்தைய சிம்பொனிகளைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு நீளம், இரண்டாம் பகுதியாக ஒரு சாவு ஊர்வலம். நெப்போலியன் பெயரை முகப்பில் எழுதி, அவர் பேரரசராக முடிசூடுகிறார் என்று கேள்விப்பட்டதும் தாளே கிழியும்படி சுரண்டிய பிரதி இன்னும் வியன்னாவில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு சிம்பொனியும் ஒரு வாழ்நாள் அறிக்கை போல ஆகிவிட்டது. பிராம்ஸ் இந்தப் பாரத்தில் ஏறக்குறைய இருபது வருடம் திணறி, 43 வயதில், 1876-இல்தான் முதலாவதை வெளியே விட்டார்.

ஒன்பதாவது எழுதினால் செத்துப்போவார்கள் என்கிறார்களே?

பீத்தோவன், புரூக்னர், ட்வோர்ஷாக், மாலர் எல்லாரும் ஒன்பதோடு நின்றுவிட்டதால் கிளம்பிய பேச்சு. ட்வோர்ஷாக் ஒன்பதாவதை எழுதிப் பதினோரு வருடம் சுகமாக இருந்தார், அடுத்ததை எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஷோஸ்டகோவிச் 15 எழுதினார். பின்லாந்துக் கண்டக்டர் லெய்ஃப் செகெர்ஸ்டாம் 300-க்கும் மேல் எழுதித் தள்ளியிருக்கிறார். சாபத்துக்கே அலுத்திருக்கும்.

பாடகர்கள் இருந்தால் அது சிம்பொனி ஆகாதா?

ஆகும். வழி திறந்தது பீத்தோவனின் ஒன்பதாவது. 1824 மே 7, வியன்னா. கடைசிப் பகுதியில் நான்கு பாடகர்களும் கோரஸும் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் 'ஆனந்தப் பாட்டை'ப் பாடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் செய்யும் ஒரு காரியம், சிம்பொனி ஞாபகத்தை நம்பி எழுதப்படுவது என்ற என் கட்சிக்கு நல்ல சாட்சி: முதல் மூன்று பகுதிகளின் தீம்களையும் ஆர்கெஸ்ட்ரா ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறது, செல்லோவும் பேஸும் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்பது போல் மறுக்கின்றன. அதன்பிறகே அந்த எளிய மெட்டு வருகிறது. காது முழுவதுமாகப் போயிருந்த பீத்தோவன் கைதட்டலை அறியாமல் நிற்க, பாடகி கரோலின் உங்கர் அவரைத் திருப்பிக் கூட்டத்தைக் காட்டினார்.

மாலரின் எட்டாவது 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக்கில் அரங்கேறியபோது பாடியவர்களும் வாசித்தவர்களுமாக மேடையில் ஆயிரம் பேருக்கு மேல்.

சிம்பொனி கதை சொல்லுமா?

சில சொல்லும். பீத்தோவனின் ஆறாவதில் ஓடை, குயில், இடிமழை எல்லாம் உண்டு. 'ஃபான்டாஸ்டிக்'கில், காதலில் தோற்றவன் அபினி மயக்கத்தில் காதலியைக் கொன்று தூக்குமேடைக்குப் போவதாகக் கனவு காண்கிறான். பெர்லியோஸ் இதை அச்சடித்து அரங்கில் விநியோகிக்கவே செய்தார். காதலிக்கென்று ஒரு மெட்டு. ஐந்து பகுதியிலும் அது உருமாறி வரும், கடைசியில் சூனியக்காரிகளின் ஆட்டத்தில் கேலிச்சித்திரமாக.

பெரும்பாலானவை எதுவும் சொல்லாது. மொசார்ட்டின் 40-ஆவது எதைப் பற்றியது என்று கேட்டால் பதில் கிடையாது. தோடி ஆலாபனை எதைப் பற்றியது?

கண்டக்டர் எதற்கு? குச்சியை ஆட்டுவதைத் தவிர என்ன செய்கிறார்?

முக்கால்வாசி வேலை ஒத்திகையில் முடிந்துவிடும்: எந்த வேகம், யார் குரல் மேலே தெரிய வேண்டும், எங்கே மூச்சு. மேடையில் அதை நினைவூட்டுகிறார். ஆரம்ப காலத்தில் தனியாக ஒருவர் கிடையாது. ஹைடன் லண்டனில் வாசித்தபோது அவர் கீபோர்டில் உட்கார்ந்திருக்க, கச்சேரியை ஏற்பாடு செய்த வயலின்காரர் சலோமன் முதல் வயலினிலிருந்து குழுவை நடத்தினார். குழு பெருத்தபின்தான் கண்டக்டர் தனித் தொழிலானது.

எப்போது கைதட்டலாம்?

இன்றைய வழக்கப்படி முழுவதும் முடிந்தபிறகு. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவில் தட்டினால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார். ஆனால் இந்தக் கட்டுப்பாடு பிற்காலத்தது. 1778-இல் பாரிஸில் தன் சிம்பொனி நடந்தபோது, முதல் பகுதியின் நடுவிலேயே ஓரிடத்தில் ஜனங்கள் கைதட்டியதை மொசார்ட் அப்பாவுக்குப் பெருமையாக எழுதுகிறார். இந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்துதான் அதைக் கடைசியிலும் ஒருமுறை வைத்தேன் என்கிறார். கச்சேரி முடிந்ததும் சந்தோஷத்தில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். பீத்தோவனின் ஏழாவது 1813-இல் அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை அங்கேயே மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

சந்தேகமாக இருந்தால் கண்டக்டரைப் பாருங்கள். கை இறங்கி, அவர் திரும்பினால் தட்டலாம். சாய்காவ்ஸ்கியின் ஆறாவதில் மட்டும் உஷார்: மூன்றாம் பகுதி முடிவு போலவே முடியும், பழகியவர்களே ஏமாறுவார்கள்.

பெயரில் வரும் எண், எழுத்தெல்லாம் என்ன?

'சிம்பொனி எண் 40, ஜி மைனர், கே. 550' என்றால் நாற்பதாவது, ஜி மைனரில் தொடங்குவது, கோஹெல் என்பவர் 1862-இல் வெளியிட்ட மொசார்ட் பட்டியலில் 550-ஆவது. 'ஓபஸ்' என்பது பிரசுர எண். 'ஜூபிட்டர்', 'சர்ப்ரைஸ்' மாதிரியான பட்டப்பெயர்கள் பெரும்பாலும் மற்றவர்கள் வைத்தவை.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள், வாசிக்க விடவில்லை. பாரிஸில் லூயிஸ் ஃபாராங்க் 1840-களில் மூன்று எழுதினார். மூன்றாவதைக் கேளுங்கள், பீத்தோவனுக்கு அடுத்த தலைமுறையின் நல்ல சிம்பொனிகளில் ஒன்று. அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1933-இல் வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை அங்கே ஒரு பெரிய குழு எடுத்தது அதுதான் முதல் தடவை.

போர்க்காலத்தில் பட்டினியோடு வாசித்த சிம்பொனி என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது, 'லெனின்கிராட்' (இன்றைய பீட்டர்ஸ்பர்க்). 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை அந்நகரை முற்றுகையிட்டது. முதல் குளிர்காலத்திலேயே லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டார்கள். அந்நகரிலேயே எழுதத் தொடங்கிய சிம்பொனியை அவர் பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்ட பிறகு குய்பிஷேவ் என்ற ரஷ்ய நகரில் முடித்தார். 1942 மார்ச் 5 அன்று அங்கேயே அரங்கேற்றம். நுண்படச் சுருளில் அதன் பிரதி டெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்காவுக்குப் போய், ஜூலையில் கண்டக்டர் டோஸ்கனினி வானொலியில் நடத்தினார்.

ஆனால் அது வாசிக்கப்பட வேண்டிய ஊர் லெனின்கிராட். அங்கே மிஞ்சியிருந்தது வானொலி ஆர்கெஸ்ட்ரா, அதிலும் பலர் இறந்துவிட்டார்கள். கண்டக்டர் கார்ல் எலியாஸ்பெர்க் கூப்பிட்ட முதல் ஒத்திகை கால் மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஊதுகருவிக்காரர்களுக்கு மூச்சு இல்லை. படைப் பிரிவுகளிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள், வாசிப்பவர்களுக்குக் கூடுதல் ரேஷன் கொடுத்தார்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று கச்சேரி. முன்கூட்டியே சோவியத் பீரங்கிகள் எதிரி நிலைகளைத் தாக்கி வாயடைத்தன. ஜெர்மன் வரிசைகளுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் வைத்தார்கள்.

இசையாக அது அவருடைய சிறந்த சிம்பொனியா என்றால், எனக்கு ஐந்தாவதும் பத்தாவதும் ஒரு படி மேல். முதல் பகுதியில் ஒரே அணிவகுப்பு மெட்டு சின்ன முரசின் மேல் திரும்பத் திரும்ப வந்து பூதாகாரமாக வளருவது சிலருக்கு அலுப்பு. ஆனால் அந்த அரங்கில் இருந்தவர்களிடம் போய் யார் இதைச் சொல்வது?

இளையராஜாவின் சிம்பொனி இந்த மரபில் வருமா?

லண்டன் ஈவென்டிம் அப்பல்லோவில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் வாசித்த 'வேலியண்ட்', சினிமாப் பாட்டின் விரிவாக்கமாக இல்லாமல் சிம்பொனி என்றே எழுதப்பட்டது. அது எந்த இடத்தில் நிற்கும் என்பதை, பல குழுக்கள் பல ஊர்களில் வாசித்த பிறகு காலம் சொல்லட்டும். பீத்தோவனுக்கே அப்படித்தான் நடந்தது. ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதில் அவருடைய சினிமாப் பாட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடாதீர்கள். தொடக்கத்தில் வரும் தீம்கள் அப்புறம் என்ன ஆகின்றன என்று பாருங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

மொசார்ட்டின் 40-ஆவது, முதல் பகுதி மட்டும்: எட்டு நிமிடம் இருக்கும். மறுநாளும் அதையே. மூன்றாம் நாள் இரண்டாவது தீம் வரும் இடம் தானாகத் தெரிந்துவிடும். பிறகு பீத்தோவனின் ஐந்தாவது முழுதாக, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அப்புறம் ட்வோர்ஷாக்கின் 'புதிய உலகிலிருந்து'. 1893 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியில் கோர் ஆங்கிலே என்ற தாழ்ந்த சுருதி ஓபோ பாடும் மெட்டு யாரையும் நிறுத்திவிடும். முதல் பகுதியின் தீம்கள் கடைசிப் பகுதிவரை தலைகாட்டுவதால் நினைவுப் பயிற்சிக்கும் நல்லது.

மாலரிடம் முதல் வாரமே போக வேண்டாம். செல்போன் ஸ்பீக்கரும் வேண்டாம்: செல்லோவும் பேஸும் அதில் காணாமல் போய்விடும், ஐந்தாவதில் அடியில் முணுமுணுப்பது கேட்கவே கேட்காது. சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும்.